பக்கத்தில் வந்து மேயும் காட்டு ஆடு: பார்க்கலாம்... பழகலாமா?

அமெரிக்காவில் லாஸ் வேகஸ் போகிற நம்ம ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே ரூட்டில்தான் சுற்றுவார்கள். ராத்திரி விளக்கு வெளிச்சம், மறுநாள் ஹூவர் அணை, நேரம் இருந்தால் கிராண்ட் கேன்யன். அந்த அணைக்குப் போகிற வழியில், லாஸ் வேகஸிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் போல்டர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1931-இல் உருவாக்கிய ஊர். நெவாடா மாநிலமே சூதாட்டத்துக்குப் பேர் போனது. ஆனால், இந்த ஊருக்குள் இன்றுவரை கேசினோவுக்கு அனுமதி கிடையாது.

அந்த ஊரில் ஹெமன்வே பார்க் என்று ஒரு நகராட்சிப் பூங்கா. ஊஞ்சல், சறுக்கு மரம், டென்னிஸ் கோர்ட், பிக்னிக் மேசைகள், பச்சைப் பசேல் புல்தரை. தூரத்தில் மீட் ஏரி தெரியும். நம்ம ஊர் மாநகராட்சிப் பூங்காவைப் போல, டிக்கெட் இல்லாமல் யாரும் போய் உட்காரலாம். ஒரே வித்தியாசம், அங்கே புல் மேய்வது காட்டு விலங்கு.

'பிக்ஹார்ன் ஷீப்' என்கிற பெருங்கொம்பு ஆடுகள் பின்னால் இருக்கும் ரிவர் மலைத்தொடரிலிருந்து இறங்கி வருகின்றன. சில நாள் ஒன்றிரண்டு, சில நாள் டஜன் கணக்கில். வேலி கிடையாது, கூண்டு கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே ஒரு கிடா சாவகாசமாகப் புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். வேறு இடத்தில் இந்த ஆட்டைப் பார்க்க வேண்டுமானால் பைனாகுலரோடு மலையடிவாரத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்போதும் பாறையும் ஆடும் ஒரே நிறம் என்பதால் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகலாம்.

சந்தோஷமான விஷயம்தான். ஆனால், இந்த நெருக்கம் எப்படி வந்தது, எதனால் கெட்டுப்போகும் என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு. 'சூப்பரா இருக்கே' என்று ஃபோனை நீட்டிக்கொண்டு ஓடுவது வேறு.

பூங்காவுக்கு ஏன் வருகின்றன?

முதல் காரணம் வெயில். இது மொஹாவி பாலைவனம். லாஸ் வேகஸில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே சராசரியாக 10 செ.மீ. அளவுதான். சென்னையில் ஒரு நவம்பர் நாளில் கொட்டித் தீர்க்கிற மழை அது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும்போது மலையில் இருக்கும் கொஞ்சநஞ்சப் புல்லும் காய்ந்து சருகாகிவிடும்.

பாலைவனப் பெருங்கொம்பு ஆடு இதற்கெல்லாம் பழகிய ஜீவன். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தண்ணீர்ப் பக்கமே போகாமல், தின்னும் செடியில் இருக்கும் ஈரத்தை வைத்தே சமாளிக்கும். கள்ளிச் செடியைக் கொம்பாலும் குளம்பாலும் உடைத்து உள்ளே இருக்கும் சதையைத் தின்னும். உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீர் வற்றிப்போனாலும் தாங்கி, தண்ணீர் கிடைத்ததும் குடித்துத் தேறிவிடும். ஆனால், தாங்கும் என்பதற்காகத் தாங்கிக்கொண்டே இருக்க அதற்கு என்ன வேண்டுதலா? கீழே ஸ்பிரிங்ளர் போட்டு வளர்த்த பசும்புல் இருக்கும்போது எந்த ஆடும் இறங்கித்தான் வரும்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. இந்த ஆட்டுக்கு மோப்பத்தைவிடக் கண்தான் பெரிய பலம். மலைச்சிங்கமோ கொயோட்டி என்னும் ஓநாய் இன விலங்கோ வருவதை வெகுதூரத்திலேயே பார்த்து, செங்குத்தான பாறைக்கு ஓடி ஏறிவிடுவதுதான் அதன் தற்காப்பு. சமதரையில் ஓடி ஜெயிக்கும் விலங்கு அல்ல. அதனால் எவ்வளவு நல்ல மேய்ச்சல் இருந்தாலும், ஒதுங்கப் பாறை பக்கத்தில் இல்லை என்றால் அங்கே போகத் தயங்கும். ஹெமன்வே பார்க்கில் எல்லாமே ஒரே இடத்தில் அமைந்துவிட்டன. பசும்புல், மறைவில்லாத திறந்தவெளி, முதுகுக்குப் பின்னால் மலை. ஆடு தன் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் வருகிறது. மனிதர்கள் மேல் பாசம் வந்து இறங்கி வரவில்லை.

இந்தக் கடைசி வரியைத்தான் அங்கே போகிற பலரும் மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

அந்தப் புல்லே இரவல்தான்

ஆடு மேயும் அந்தப் புல் பாலைவனத்தில் தானாக முளைத்தது இல்லை. லாஸ் வேகஸ் வட்டாரத்துத் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து, அதாவது மீட் ஏரியிலிருந்து வருகிறது. 2022 ஜூலையில் அந்த ஏரி, 1937-இல் நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு காணாத அளவுக்கு வற்றியது. கொள்ளளவில் கால்வாசிக்குச் சற்று அதிகமாகவே மிச்சம் இருந்தது. ஏரியைச் சுற்றிப் பாறையில் தெரிந்த வெள்ளைக் கோடு உலகம் முழுக்கப் படமாகப் பரவியது.

அதற்கு முந்தைய ஆண்டே நெவாடா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டுவிட்டது. தெற்கு நெவாடாவில், சாலை நடுத்திட்டு, அலுவலக வாசல் மாதிரியான இடங்களில் அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்கு 2027 தொடக்கத்திலிருந்து கொலராடோ ஆற்றுத் தண்ணீர் விடக் கூடாது. யாரும் உட்காராத, விளையாடாத புல் 'பயனற்ற புல்' என்பது சட்டத்தின் பார்வை. குழந்தைகள் ஓடியாடும் பூங்காப் புல்தரைக்கு விலக்கு உண்டு.

சட்டம் சரியானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே நேரம், பாலைவனத்தில் புல் ஒரு ஆடம்பரம் என்று அந்த ஊரே உணர ஆரம்பித்துவிட்டது. அந்த ஆடம்பரத்தை நம்பித்தான் ஒரு காட்டு விலங்குக் கூட்டம் கோடையில் கீழே இறங்குகிறது. நிரந்தரமான சொர்க்கம் மாதிரி இதைப் பேசுவது தப்பு.

மலையில் ஆடுகளுக்காகவே மழைநீரைச் சேர்த்து வைக்கும் தொட்டிகளை நெவாடா வனவிலங்குத் துறை பல இடங்களில் அமைத்திருக்கிறது. வறட்சி முற்றிய ஆண்டுகளில் ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுபோய் அந்தத் தொட்டிகளை நிரப்பியிருக்கிறார்கள். ஆட்டின் உண்மையான வீடு மலைதான் என்பதை அந்தத் துறை மறக்கவில்லை என்பதற்கு இது அடையாளம்.

'ஒண்ணும் பண்ணாதுங்க'

எந்தச் சுற்றுலாத் தலத்திலும் இப்படிச் சொல்கிற ஒருவர் இருப்பார். 'அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க, பக்கத்துல போய் நில்லுங்க, நான் எடுக்கறேன்.'

பண்ணும். வளர்ந்த கிடா 80 கிலோ அளவுக்கு இருக்கும். சுருண்டு வளைந்த அந்தக் கொம்பு மான் கொம்பைப் போல ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது இல்லை. வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே போகும். கொம்பில் இருக்கும் வளையங்களை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். பெட்டைக்கும் கொம்பு உண்டு, ஆனால் சின்னது, லேசாக மட்டும் வளைந்திருக்கும். ஆக, 'கொம்பு சின்னதா இருக்கு, இது குட்டி' என்று நினைத்துக் கிட்டே போனால், அது குட்டியை வைத்துக் காக்கும் தாயாகவும் இருக்கலாம்.

இனச்சேர்க்கைக் காலம் இந்தப் பாலைவன ஆடுகளுக்குக் கோடையிலேயே தொடங்கி இலையுதிர் காலம் வரை நீளும். ஆடுகள் பூங்காவுக்கு அதிகம் வருவதும் கோடையில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால், புல்தரையிலேயே கிடாக்கள் மோதிக்கொள்வதைப் பார்க்க முடியும். மதுரைப் பக்கம் கிடாமுட்டு பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் ஓரளவு பரிச்சயம். ஒன்றையொன்று பார்த்து விலகி, பின்னங்காலில் எழும்பி, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்து இடிக்கும். மண்டை ஓட்டுக்குள் காற்றறைகளோடு கூடிய எலும்பு அமைப்பு இருப்பதால் அது தாங்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் செல்ஃபி எடுக்க நிற்பவருக்கு அப்படி எந்த வசதியும் இல்லை.

போல்டர் சிட்டி பூங்கா தேசியப் பூங்கா இல்லை, நகராட்சிப் பூங்கா. ஆனால், எவ்வளவு தூரம் சரி என்று கேட்டால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் விதியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இதே பெருங்கொம்பு ஆட்டிடமிருந்து குறைந்தது 25 கஜம், அதாவது சுமார் 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு பஸ்ஸின் நீளம். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கையை முழுதாக நீட்டிக் கட்டை விரலை உயர்த்தி ஒரு கண்ணால் பாருங்கள். விரலுக்குப் பின்னால் ஆடு முழுதாக மறைந்தால் நீங்கள் நிற்கும் இடம் சரி. விரலைத் தாண்டித் தெரிந்தால் பின்னாடி வாங்க.

இதையெல்லாம்விட நல்ல அளவுகோல் ஆட்டிடமே இருக்கிறது. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? முன்னங்காலால் தரையை உதைக்கிறதா? சிதறி நின்ற கூட்டம் ஒன்றாகச் சேர்கிறதா? அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். மாறாக, நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஆடு தானாக மேய்ந்தபடி பக்கத்தில் வந்தால் பரவாயில்லை. அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். நெருக்கத்தை ஆடு தீர்மானிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது கிட்டத்தட்ட இது ஒன்றைத்தான்.

பெரிய ஆபத்து செல்ஃபி இல்லை

இங்கேதான் பல பேருக்குத் தெரியாத விஷயம் வருகிறது. பெருங்கொம்பு ஆடுகளுக்கு இன்றைக்கு இருக்கும் மோசமான எதிரிகளில் ஒன்று நிமோனியா. அதற்கு வழி திறந்துவிடுவது 'மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே' என்னும் பாக்டீரியா. வீட்டுச் செம்மறியும் வெள்ளாடும் இதை மூக்கிலும் தொண்டையிலும் சுமந்துகொண்டு பெரிய நோய் எதுவும் இல்லாமல் வாழும். பல தலைமுறையாகப் பழகிய கிருமி. காட்டு ஆட்டுக்கு அது புதிது. மூக்கோடு மூக்கு வைத்து மோந்து பார்த்தாலோ, பக்கத்தில் நின்று இருமினாலோ போதும், தொற்றிவிடும்.

முதல் அலையில் வளர்ந்த ஆடுகள் சாகும். பிழைத்த சில பெட்டைகள் வெளியே நலமாகத் தெரிந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். பிறகு ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகள், பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ இருமி இருமிச் சாகும். மந்தை அழிந்துவிடாது, ஆனால் வளரவும் வளராது. மலையில் சுற்றும் கூட்டத்துக்கு ஊசி போட்டுக் காப்பாற்ற நடைமுறையில் பயன்படும் தடுப்பூசியும் கிடையாது.

2013-இல் பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஓல்ட் டாட் மலைப் பகுதியில் இந்த நிமோனியா வந்தது. அதே ஆண்டு ரிவர் மலைக் கூட்டத்திலும் தெரிய வந்தது. அதாவது, பூங்காவுக்கு வருகிற இதே கூட்டம். ஒரு காலத்தில் வேறு மலைகளில் ஆடுகள் அற்றுப்போனபோது, இந்த மலையிலிருந்துதான் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். நாற்றங்கால் மாதிரி இருந்த மந்தை. நோய் தட்டிய மந்தையிலிருந்து அப்படி எடுத்துக் கொடுப்பது எளிது இல்லை.

இதற்கும் பூங்காவில் நாம் நடந்துகொள்வதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம்மிடமிருந்து ஆட்டுக்கு இந்தக் கிருமி போவதில்லை. சம்பந்தம் சுற்றுவழியில் வருகிறது. நீங்கள் பிரெட் துண்டை நீட்டுகிறீர்கள். ஆடு மனிதரைக் கண்டு விலகும் பழக்கத்தை இழக்கிறது. அடுத்து மனிதரின் வீட்டுத் தோட்டத்தைக் கண்டும் விலகாது. எங்கோ ஒரு வீட்டுக் கொல்லையில் செல்லமாக வளர்க்கும் ஒரு வெள்ளாடு இருக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் இளங்கிடாக்கள் எங்கெங்கோ அலையும். வேலி ஓரம் நின்று அந்த வெள்ளாட்டை மோந்து பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பும். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

தீனி போடுவதில் இன்னொரு கேடும் உண்டு. அதை நம்ம ஊரில் யாருக்கும் விளக்கவே தேவையில்லை. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டு, வயிறு உப்பிச் செத்த மாட்டையோ ஆட்டையோ பற்றிக் கிராமத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அசை போடும் விலங்கின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லுக்கும் தழைக்கும் பழகியவை. திடீரென மாவுச்சத்து நிறைய இறங்கினால் உள்ளே அமிலம் பொங்கிவிடும். காட்டு ஆட்டுக்கும் அதே வயிறுதான். பாசத்தோடு போட்ட சிப்ஸ் என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் வேலி போட்டுவிடலாமா?

நியாயமான கேள்வி. போட்ட ஊரும் இருக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸை ஒட்டிய ராஞ்சோ மிராஜ் என்னும் ஊரில் இதே மாதிரி மலை ஆடுகள் வீட்டுப் புல்தரைக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் இறங்கி வந்தன. அங்கே இருப்பவை 1998-இல் அமெரிக்க அரசு அழியும் நிலையில் உள்ளவை என்று அறிவித்த 'பெனின்சுலர்' வகை. காரில் அடிபட்டுச் செத்தன. அழகுக்காக வைத்த அரளியைத் தின்று செத்தன. ஒட்டுண்ணி நோய்களும் வந்தன. கடைசியில் 2000-களின் தொடக்கத்தில் மலையடிவாரத்தில் சில கி.மீ. நீளத்துக்கு வேலி போட்டு ஆடுகளை மேலேயே நிறுத்தினார்கள். பக்கத்தில் லா கின்டா என்ற ஊரிலும் கால்வாயில் விழுந்து ஆடுகள் செத்த பிறகு வேலி வேண்டும் என்ற பேச்சு வந்து, ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

அந்த ஊரில் வேலி சரியான முடிவுதான். செத்த ஆடுகளின் கணக்கு அப்படி. ஆனால், ஹெமன்வே பார்க்குக்கும் அதுதான் வழி என்று இப்போதே சொல்ல நான் தயாராக இல்லை.

காரணம், நெவாடாவில் இந்த ஆடு 1973 முதல் மாநில விலங்கு. அந்தப் பெருமைக்குப் பின்னால் இருக்கும் பணத்தில் கணிசமான பங்கு வேட்டை உரிமத்திலிருந்து வருகிறது. ஒரே ஒரு கிடாவைச் சுட ஏலத்தில் விடும் சிறப்பு அனுமதி ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போவது உண்டு. அந்தப் பணம் ஆடுகளின் பாதுகாப்புக்கே திரும்பிப் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், ஸ்கூல் பேக்கோடு வருகிற ஒரு குழந்தைக்கு இந்த விலங்கை எந்தச் செலவும் இல்லாமல் காட்டுகிற இடம் எத்தனை இருக்கிறது? பார்க்காத விலங்குக்காக யாரும் தண்ணீர்த் தொட்டி கேட்டு நிற்க மாட்டார்கள். பாதையைத் தடுத்து நெடுஞ்சாலை வரும்போது எதிர்த்துப் பேச மாட்டார்கள். அதனால் பார்க்கிற வாய்ப்பை மூடுவதற்கு முன்னால், பார்க்கிறவர்களைக் கொஞ்சம் கட்டுப்படுத்திப் பார்க்கலாம் என்பது என் வாதம். நாயைக் கயிற்றில் கட்டு, தீனி போடாதே, தெருவில் காரை மெதுவாக ஓட்டு, ஊருக்குள் வெள்ளாடு வளர்ப்பவர் இரட்டை வேலி போடு. வேலிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

கட்டுப்பாடு வேலை செய்யும் என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவில் நம் மாநில விலங்கான வரையாட்டை இதே மாதிரி நெருக்கத்தில் பார்க்கலாம். வனத்துறை பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும், ஒதுக்கிய பாதையில்தான் நடக்க வேண்டும். குட்டி போடும் காலம் என்று ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பார்வையாளர்களுக்குக் கதவையே சாத்திவிடுவார்கள். டூரிஸ்ட் வருமானம் போகிறதே என்று அங்கே யாரும் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. அதே வரையாடு வால்பாறை மலைப்பாதையில் ரோட்டோரம் வந்து நின்றால் நடப்பது வேறு. காரை நிறுத்தி பிஸ்கட் போடுவதும், கொம்பைப் பிடித்து போட்டோ எடுத்து வழக்கில் மாட்டுவதும் நடந்திருக்கிறது. விலங்கு ஒன்றுதான், இனமும் ஒன்றுதான். ஓர் இடத்தில் விதி இருக்கிறது, இன்னோர் இடத்தில் வண்டியை நிறுத்துகிறவரின் மனசாட்சிதான் விதி.

ஹெமன்வே பார்க் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் கிடையாது, டிக்கெட் கிடையாது, சீசன் மூடலும் கிடையாது. ஆனால் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, உள்ளூர்க்காரர்களின் கண்ணும் இருக்கிறது. எவ்வளவு நாள் அப்படியே ஓடும் என்பது ஜன நெருக்கடியைப் பொறுத்தது. சோஷியல் மீடியாவில் ஒவ்வொரு ரீல்ஸும் இன்னும் நாலு பேரைக் கூட்டி வருகிறது. இந்தக் கட்டுரையும் அதைத்தான் செய்யப் போகிறது, அது எனக்குத் தெரியாமல் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். ஆடு வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கோடை மாதங்களில் வாய்ப்பு அதிகம். அந்த வெயிலில் உங்களுக்கும் தண்ணீர் வேண்டும், தொப்பியும் வேண்டும். ஃபோன் கேமராவில் ஜூம் போதாது என்றால் ஒரு சாதாரண பைனாகுலர் போதும். குழந்தைகளைக் கையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டுக்கும் மலைக்கும் நடுவில் மட்டும் போய் நிற்காதீர்கள். அது ஓட வேண்டிய பக்கம் அது. பூங்காவை ஒட்டிய தெருவில் ஒரு ஆடு குறுக்கே போனால் உடனே வண்டியை எடுக்காதீர்கள், பின்னால் இன்னும் நாலு வரும்.